மீனா கட்சியும் கிச்சு கட்சியும்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மேசை மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்திருக்கும் மன்றத் தலைவி பவளம் அவர்களே! கொரிய நாட்டுப் பாட்டை இந்த மலைக்கு முதன்முதலில் கொண்டுவந்து சேர்த்த, குழம்புக்கும் குறும்புக்கும் பேர்பெற்ற அம்மாக்கண்ணு அம்மையார் அவர்களே! மீனா கட்சியை எதிர்த்து நான்கு ஆண்டுகளாக வாயால் வாள் வீசிவரும் கிச்சு கட்சித் தலைவி ஜெயா அவர்களே! மேடைக்கு வரச்சொன்னால் கூச்சப்பட்டுக் கதவோரம் நிற்கும் கருப்பையா அண்ணன் அவர்களே! ஆறு நாள் கொழுந்து எடுத்த கைகளை ஏழாம் நாள் மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ரிங்லெட்டிலிருந்து லாரி பிடித்து வந்திருக்கும் நண்பர்களே! பின்வரிசையில் இப்போதே விசிலடிக்கும் அருமைத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும், தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்க்கும் இந்த அமிர்தலிங்கத்தின் அன்பு வணக்கம்!

இன்று நம் கொரியப் பாட்டு ரசிகர் மன்றத்துக்கு ஒரு வயது. ஒரு வயதுப் பிள்ளைக்கு மொட்டை அடிப்பார்கள், காது குத்துவார்கள். நம் பிள்ளைக்கோ பிறந்த நாளிலிருந்தே ஊர் காது குத்திக்கொண்டிருக்கிறது! "தேயிலைத் தோட்டத்தில் தமிழனுக்குக் கொரியப் பாட்டா?" என்று பிரிஞ்சாங் சந்தையிலே சிரிக்கிறார்கள். "அர்த்தம் தெரியாத பாட்டுக்கு ஆள் சேர்க்கிறார்களாம்" என்று அடுத்த தோட்டத்திலே ஏசுகிறார்கள்.

ஏசட்டும்! சிரிக்கட்டும்! அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை. அந்தப் பதில் என் வாயில் இல்லை. இந்தத் தோட்டத்தில் நடந்ததில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எங்கேயாவது எனக்குச் சாதகமாகத் திரித்தால், தலைவி அவர்களே, அந்த மணியை அடியுங்கள்!

நான்கு ஆண்டுகளுக்கு முன், எண்பத்தைந்தாம் ஆண்டு. ரிங்லெட்டுக்கு மேலே மலைச்சரிவில் தண்ணீர்க் குழாய் பதிக்கக் கொரியாவிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. அவர்களுடைய முகாமுக்குச் சமைக்கப் போனவர் நம் அம்மாக்கண்ணு அம்மையார். அங்கே லாரி ஓட்டியவர் பாக் என்ற பெரியவர். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், அரைகுறை மலாய் பேசுபவர். வேலை முடிந்து முகாமைக் கலைத்தபோது, தினமும் தனக்கு ரசம் வைத்துக்கொடுத்த அம்மையாருக்கு அவர் இரண்டு கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றின் அட்டையில் ஒரு பெண். இன்னொன்றில் தோள் வரை முடி வளர்த்த ஒரு ஆண். எழுத்து எதுவும் நமக்குப் புரியவில்லை. பெண்ணின் பெயர் மின்-ஆ என்று பாக் சொன்னாராம். ஆணின் பெயர் கி-சு என்றாராம். நம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் மின்-ஆ மீனா ஆனாள், கி-சு கிச்சு ஆனான்! கொரியாவில் அவர்கள் யாருக்குப் பிள்ளைகளோ தெரியாது. இங்கே பெயர் வைத்துச் சோறு போட்டது நாம்!

சும்மாவா வளர்த்தோம்? இரண்டாகப் பிரிந்தல்லவா வளர்த்தோம்! மூன்றாம் டிவிஷன் மலையில் கொழுந்து எடுக்கும் நாற்பது பெண்கள் இரண்டு கட்சி ஆனார்கள். நான் இலை ஏற்ற லாரியோடு போகும்போதெல்லாம் என் காதால் கேட்ட விவாதம் இது. கேளுங்கள்.

"உங்க மீனா பாடுறாளா, மூக்கச் சிந்துறாளா? எங்க கிச்சு பாட்டுக்குக் கொழுந்து எடுத்துப் பாரு, கூடை தானா நெறையும்" என்பார் ஜெயா.

"கிச்சு பாட்டுக்குக் கூடையா நெறையும்? லயத்து நாயெல்லாம் ஓடிப்போகும். மீனா பாடினா மழ நின்னு கேக்கும்" என்பார் பவளம்.

"இந்த மலையில மழ எப்ப நின்னுச்சு?" என்பார் ஜெயா.

நடுவில் வேலாயி அம்மாள் தீர்ப்புச் சொல்வார். "ரெண்டு பேரும் சும்மா இருங்கடி. அந்தக் கிச்சு பய முடிய வெட்டிட்டு வந்தா என் மகளுக்கே கேக்கலாம்."

என்னம்மா, அங்கே தலையைக் குனிகிறீர்கள்? சொன்னீர்களா இல்லையா? சொன்னார்! சபையே சாட்சி!

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாகப் போன இடத்தில் ஒரு பாட்டு வந்து எல்லோரையும் நிறுத்தியது. மீனா கேசட்டில் மூன்றாவது பாட்டு. அதில் நடுவே, இசை எல்லாம் ஓய்ந்த இடத்தில், அந்தப் பெண் ஒரு சொல் சொல்கிறாள். "அப்பா."

தாய்மார்களே, தம்பிமார்களே! கடல் கடந்த நாடு, கண்டறியாத மொழி, அதற்குள்ளே அப்பா! அம்மாக்கண்ணு அம்மையார் அடித்துச் சொன்னார்: "அந்த ஊர்லயும் அப்பான்னா அப்பாதான். டிரைவர் பாக்கு சொல்லியிருக்காரு." அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. டிரைவரைக் கேட்கலாம் என்றால் அவர் எப்போதோ போய்விட்டார். பிறகென்ன? ஆளுக்கொரு அர்த்தம்! "அப்பா செத்துட்டாரு, அதான் அழுவுறா" என்றார் வேலாயி அம்மாள். "செத்தவங்களுக்கு யாரு தாளம் போடுவா? கல்யாணத்துக்கு அப்பா ஒத்துக்கல, அதான்" என்றார் ஜெயா. பவளம் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கினார். அம்மையாரிடம் கேட்டு வாங்கிய கேசட்டை நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு ஒலியையும் தமிழ் எழுத்தில் எழுதினார். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் ஆனது. எழுதியதைப் பாடினார். பாடப் பாட, கேசட்டில் இருப்பது யார், மலையில் இருப்பது யார் என்று கூடத் தெரியாமல் போனது.

அங்கேதான் வந்தது வினை. அன்பர்களே, நன்றாகப் பாடிய ஒரே குற்றத்துக்காக ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்தது. "கொரியாக்காரன் பழக்கம் இல்லாம கொரியாப் பாட்டு எப்படி வரும்?" என்று ஒருவர் கேட்டார். இரண்டாமவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். மூன்றாமவர் பார்த்தது போலவே சொன்னார். யார் அந்த மூவர் என்று கேட்காதீர்கள். நான்காவது ஆளைச் சொல்கிறேன். அந்த நான்காவது ஆள் நான்!

ஆம், அடியேன்தான்! எண்பத்தேழாம் ஆண்டு, இளைஞர் மன்ற ஆண்டு விழா, இதே மண்டபம். நான் மன்றச் செயலாளர். நாவன்மைக்குப் பரிசு வாங்கியவன். என் பேச்சு என்றால் பிரிஞ்சாங்கிலிருந்து ஆள் வருவார்கள் என்ற மிதப்பு எனக்கு. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வரியைச் செதுக்கினேன். மேடையேறி, மைக்கைப் பிடித்து, பெயர் சொல்லாமல் சொன்னேன்: "மொழி தெரியாத பாட்டுக்கு மயங்குகிறவள், வழி தெரியாத வீட்டுக்கு நடப்பாள்!"

பெயர் சொல்லவில்லைதான். ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பவளம் நாலாவது வரிசையில் இருந்தார். தன் அப்பா கருப்பையா அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! என் வாழ்நாளில் எனக்கு அப்படிக் கிடைத்ததே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நண்பர்களே. அந்தச் சத்தம் ஒரு வாரம் என் காதில் இனித்தது.

அந்த ஒரு வாரத்தில் அந்த வரி எங்கெல்லாம் போனது தெரியுமா? மழை வழிவதுபோல் லயம் லயமாக இறங்கியது. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் பவளத்தைப் பெண் கேட்டு, நாள் குறிக்கும் அளவுக்கு வந்திருந்தது. அவர்கள் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் நீட்டி முழக்கவில்லை. "ஒங்க தோட்டத்து மேடையிலயே பேசிட்டாங்களாமே, இனிமே எப்படி?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் கருப்பையா அண்ணன் கேசட்டை எடுத்தார். இருபது ஆண்டு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை அது. நாடாவை உருவி உருவி இழுத்தார். பள்ளிக்கூட நோட்டை அடுப்பில் வைத்தார். மகள் தடுக்கவில்லை. அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பவளம் என் எதிரே வந்து நின்றார். அழுதுகொண்டு வருவார் என்று நினைத்து நான் ஆறுதல் வார்த்தைகள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கலாமா? அந்தப் பாட்ட நீங்க கேட்டிருக்கீங்களா?"

"எந்தப் பாட்டும்மா?"

"நீங்க பேசுன பாட்டு."

நான் கேட்டதில்லை. ஒரு வரி கூடக் கேட்டதில்லை. நாற்பது பெண்கள் நாள்தோறும் வாதாடிய பாட்டை, ஒரு தடவை கூடக் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"கேக்காமலே பேசிட்டீங்க. சரி. ஞாயித்துக்கெழம மண்டபத்துல ஒரு மணி நேரம் குடுங்க. எல்லாரும் கேளுங்க. கேட்டுட்டுத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

செயலாளர் என்ன செய்தார்? "மன்றத்தில் முடிவெடுத்துச் சொல்கிறேன்" என்றார். அதாவது, முடியாது என்றார். ஏன்? கேட்டால் பிடித்துவிடுமோ என்ற பயம். பிடித்துவிட்டால் அந்த வரி என்னாவது என்ற கவலை!

அடுத்த நாள் காலை, பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், முப்பத்தொன்பது பெண்கள் என்னைச் சூழ்ந்தார்கள். முன்னால் நின்றது யார்? மீனா கட்சியா? இல்லை! கிச்சு கட்சித் தலைவி ஜெயா! மீனாவின் பாட்டை மூக்குச் சிந்தல் என்று சொன்ன அதே ஜெயா!

"என்னண்ணே, முடிவு எடுத்தாச்சா?"

"ஜெயா, நீ அந்தப் பாட்டுக்கு எதிரியாச்சே. உனக்கென்ன வந்தது?"

"பாட்டுக்குத்தாண்ணே எதிரி. அவளுக்கு இல்ல. மீனாவ நான் ஆயிரம் சொல்லுவேன், அது எங்களுக்குள்ள. பவளத்தப் பத்திப் பேச நீங்க யாரு? மண்டபச் சாவிய எடுங்க. எடுக்கலன்னா இனிமே ஒங்க விழாவுக்கு எங்கள்ல ஒருத்தி வரமாட்டா. வெறும் பெஞ்சுக்குப் பேசுங்க."

ரசிகர் என்றால் வெறியர் என்று சொல்கிறவர்களே, கேட்டீர்களா? பாட்டிலே பகை, பாசத்திலே பகை இல்லை! இரண்டு ஆண்டு வாதாடியவளுக்குத்தான் தெரியும், எதிரே நிற்பவள் எப்படிப்பட்டவள் என்று. சாவியைக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? வெறும் பெஞ்சு கைதட்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்தது. ஆண்டு விழாவுக்கு வந்ததைவிட அதிகம். கருப்பையா அண்ணன் உள்ளே வரவில்லை, இதோ இன்று நிற்கிறாரே, அதே வாசலில் நின்றார். முதலில் மேடையேறியவர் அம்மாக்கண்ணு அம்மையார். மைக்கை அவர் தொடக்கூட இல்லை. அவர் குரலுக்கு அது தேவையுமில்லை.

"கேசட்டு குடுத்த டிரைவருக்கு என் வயசு. குடுத்தது என் கையில. பவளம் அந்த மனுசன் மொகத்தக் கூடப் பாத்ததில்ல. ரெண்டு வருசமா இதச் சொல்ல நான் இங்கதான் இருந்தேன். ஒருத்தராச்சும் வந்து கேட்டீங்களா? எல்லாத்துக்கும் வாயிருந்துச்சு, ஒருத்தருக்கும் காது இல்ல."

அவ்வளவுதான். இறங்கிவிட்டார். 

பிறகு பவளம் ஏறினார். கையில் கேசட் இல்லை, நோட்டு இல்லை. இரண்டும் போய்விட்டன என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஜெயா கிச்சுவின் கேசட்டை நீட்டி, "இதையாச்சும் போடவா?" என்று காதோடு கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பவளம் கண்ணை மூடினார். பாடினார்.

நான் என்ன சொல்வேன்! சொல்லை விற்றுப் பெயர் வாங்கியவன் நான், எனக்கே சொல் கிடைக்கவில்லை. மிருதங்கம் இல்லை, மேளம் இல்லை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை. ஆனால் யாரோ ஒரு பெண், எங்கோ ஒரு வாசலில் நின்று, யாரையோ கூப்பிடுகிறாள் என்பது மட்டும் பச்சைப் பிள்ளைக்கும் புரிந்தது. பாட்டு ஓய்ந்து ஓய்ந்து அந்த இடத்துக்கு வந்தது. "அப்பா."

வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். நேராக மேடைக்கு எதிரே வந்து நின்றார். நாங்கள் பயந்துவிட்டோம், அண்ணே. உண்மையைச் சொல்கிறேன், அடித்துவிடுவீர்களோ என்று பயந்துவிட்டோம். பவளம் பாட்டை நிறுத்தினார். ஐந்து நாளாக மகளிடம் பேசாத அந்த வாய் திறந்தது.

"அந்தப் புள்ள அவங்கப்பாகிட்ட என்னம்மா கேக்குறா?"

"தெரியலப்பா."

 முதல் வரிசையில் யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தார்.

"திரும்பப் பாடு. கேப்போம்."

இருங்கள், இருங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி, அம்மா.

அன்று பவளம் அந்தப் பாட்டை நான்கு தடவை பாடினார். நாலாவது தடவை ஜெயாவும் சேர்ந்து பாடினார்! கிச்சு கட்சியின் கொள்கைக்கு அன்று ஒரு நாள் மட்டும் விடுமுறை என்று பிறகு விளக்கம் கொடுத்தார்.

செய்தி திரிங்காப்புக்கும் போனது. அடுத்த மாதம் அதே குடும்பம் அதே ஆளைத் திரும்ப அனுப்பியது. இந்தத் தடவை தேநீரைக் குடித்தார். "பேசினதெல்லாம் பொய்யாமே, இனிமே தடையில்ல, நாள் பாக்கலாம்" என்றார். கருப்பையா அண்ணன் மகளைப் பார்த்தார். மகள் சொன்னார்: "ஒரு பாட்டுக்குப் பயந்து ஓடின வீடு. நாளைக்கு நான் வாயத் தெறந்து பேசினா எங்க ஓடுவாங்க? வேணாம்பா."  அண்ணன் வந்தவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றி, மரியாதையாக அனுப்பி வைத்தார். கைதட்டுங்கள், அதற்குத் தாராளமாகக் கைதட்டுங்கள்!

இந்த மன்றம் இப்படித்தான் வந்தது. போன ஆண்டு சோல் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தபோது, இந்த மண்டபத்துத் தொலைக்காட்சி முன்னால் எத்தனை பேர்! தொடக்க விழாவில் எந்தப் பெண் வந்தாலும் "அதோ மீனா!", எந்த ஆண் வந்தாலும் "அதோ கிச்சு!" கடைசி வரை இருவரும் வரவில்லை. வந்ததாக இரண்டு கட்சியும் இன்றுவரை சாதிக்கின்றன! அதற்கு அடுத்த வாரமே மன்றம் தொடங்கினோம்.

இப்போது, சிரிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தமிழை மறந்துவிட்டோம் என்கிறீர்களா? கொரிய நாட்டுப் பெண்ணின் மூச்சை எந்த எழுத்தில் பிடித்தார் பவளம்? தமிழ் எழுத்தில்! எந்த மொழியில் சண்டை போட்டார்கள் இந்த நாற்பது பெண்கள்? தமிழில்! மின்-ஆவை மீனா ஆக்கியது எது? தமிழ் நாக்கு! இன்னொரு பாட்டுக்கு இடம் கொடுத்தால் இடிந்து விழுகிற வீடா நம் தமிழ்? அடுத்த வீட்டுப் பெண் பாடினால் ஜன்னலைச் சாத்துகிற சின்ன மனமா நம் மனம்? இல்லை! இந்த மலையில் மலாய்க்காரர் பாட்டும் கேட்கிறது, சீனர் பாட்டும் கேட்கிறது, நம் பாட்டும் அவர்களுக்குக் கேட்கிறது. கேட்கிற காது கெட்டுப்போவதில்லை. கேட்காத காதுதான் கெடுக்கும்! அதற்கு உதாரணம் வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். உங்கள் எதிரே மைக் பிடித்து நிற்கிறது!

தலைவி அவர்கள் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு நிமிடம், அம்மா. இதைச் சொல்லத்தான் இன்று மேடை கேட்டு வாங்கினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்ததும், செயலாளர் என்ற முறையில் நான் நன்றியுரை சொன்னேன். நன்றி மட்டும்தான் சொன்னேன். இரண்டு ஆண்டாகப் பவளம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. "அண்ணே" என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. மன்றம் தொடங்கியபோது, பேச நீங்கள்தான் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். அவர் கேட்காததாலேயே நான் சொல்லாமல் தப்பித்து வந்தேன்.

பழி போட்டது பகிரங்கமாக. பொறுப்பேற்பது மட்டும் இரகசியமாகவா? மேடையில் சொன்னதை மேடையில்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

பவளம், எண்பத்தேழாம் ஆண்டு இந்த இடத்தில் நின்று உன்னைப் பற்றி நான் சொன்ன வரி பொய். அழகாக இருந்தது என்பதற்காகச் சொன்னேன். கைதட்டல் கிடைக்கும் என்பதற்காகச் சொன்னேன். கேட்காமல் சொன்னேன். அதை இந்தச் சபையின் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு, அம்மா. கருப்பையா அண்ணே, நீங்களும் மன்னியுங்கள். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் நடுவே ஐந்து நாள் சுவர் வைத்தவன் நான்.

வேண்டாம், தம்பி. கையை இறக்கு. தாய்மார்களே, கெஞ்சிக் கேட்கிறேன், இதற்கு மட்டும் யாரும் கைதட்டாதீர்கள். அன்று அந்த வரிக்குக் கைதட்டிய கைகளில் பாதி இங்கேதான் இருக்கின்றன. அவையும் என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கு நன்றி. மைக் கொடுத்த மன்றத்துக்கு நன்றி. அடிக்காமல் விட்ட அந்த மணிக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.